சல்லடையைக் கழற்றி வைத்த மாதங்கள்

2023 ஜூலை 10, திங்கட்கிழமை இரவு. கூட்டாளியின் தங்கை வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, ஏஓ3 செத்துப்போச்சா? நான் ஒரு கதையில எழுபதாவது அத்தியாயத்துல நிக்கிறேன்கா. தொறக்கவே மாட்டேங்குது." குரலில் உண்மையாகவே அழுகை இருந்தது. நானும் திறந்து பார்த்தேன். வட்டம் சுற்றியது, நின்றது, அவ்வளவுதான்.

ஏஓ3 என்று செல்லமாகச் சொல்லப்படும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' ரசிகர் புனைவுகளுக்கான இணையக் காப்பகம். ஹாரி பாட்டர், ஷெர்லக், கே-பாப், சீன நாவல்கள் என எங்கிருந்தாவது பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் எழுதும் கதைகள் அங்கே ஒரு கோடிக்கும் மேல் கிடக்கின்றன. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. நிரல் எழுதுவதிலிருந்து புகார் பார்ப்பது வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்வது தன்னார்வலர்கள். 2019இல் ஹியூகோ விருது வாங்கியது. வாங்குவதற்கு முன்பும் மெதுவாகத்தான் திறந்தது, வாங்கிய பிறகும் அப்படித்தான். நமக்குத் திங்கள் காலை என்றால் அமெரிக்காவில் ஞாயிறு மாலை, எல்லாரும் கதை படிக்க உட்காரும் நேரம். எல்ஆர்டியில் தொங்கிக்கொண்டு திறந்தால் 502 என்ற எண்ணோடு ஒரு பிழைப் பக்கம் வரும். அந்த எண்ணை எனக்குப் பாடமாக்கியது ஏஓ3தான்.

ஜூலையில் நடந்தது வேறு. யாரோ வேண்டுமென்றே போலிக் கோரிக்கைகளைக் கொட்டி சர்வரை மூச்சுத் திணற வைத்தார்கள். ஒரு நாளுக்கு மேல் தளம் படுத்துக் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் எங்கள் வாசிப்புக் குழு மாமாக் கடையில் கூடியபோது பேச்சு இதில்தான் தொடங்கியது. "காசு வாங்காம சேவை செய்றேன்னு கெளம்புனா இப்படித்தான். ஒரு பெரிய கம்பெனிகிட்டக் குடுத்துட்டாப் பறக்கும்ல?" என்றான் ஒருவன். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

முதலில், அவன் சொன்ன பெரிய கம்பெனி ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்ட வழி. 2007இல் ஃபேன்லிப் என்ற நிறுவனம், ரசிகர்கள் சும்மா எழுதும் கதைகளை வைத்து வியாபாரம் செய்யலாம் என்று வந்தது. அடுத்த ஆண்டே கடையை மூடியது. அதே 2007 மே மாதம் லைவ்ஜர்னல் தளம் ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரே அடியாக முடக்கியது. ஆட்சேபத்துக்குரிய உள்ளடக்கம் என்பது காரணம். முடக்கப்பட்டவற்றுள் நபக்கவின் 'லோலிட்டா'வை ஸ்பானிய மொழியில் விவாதித்த வாசகர் குழுவும் ஒன்று. முடக்கப்பட்ட பெயர்களின் குறுக்கே ஒரு கோடு விழும் என்பதால் ரசிகர்கள் அந்தச் சம்பவத்துக்கு 'ஸ்ட்ரைக்த்ரூ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுப் பல கணக்குகளைத் திருப்பித் தந்தது நிறுவனம். ஆனால் வீட்டுக்காரர் நினைத்தால் எந்த ராத்திரியும் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கலாம் என்பது எல்லாருக்கும் புரிந்துபோனது.

நாவலாசிரியர் நவோமி நோவிக் அந்த மே மாதம் எழுதிய பதிவிலிருந்துதான் இந்தக் காப்பகத்தின் யோசனை பிறந்தது. பெயர் வர்ஜீனியா வுல்ஃபின் 1929ஆம் ஆண்டு நூலின் தலைப்பைத் தழுவியது. வுல்ஃப் பெண்ணுக்குத் தனியறையும் கொஞ்சம் பணமும் கேட்டார். இவர்கள் சர்வர் கேட்டார்கள், அதுவும் சொந்தமாக. 2009 நவம்பரில் தளம் பொதுவுக்குத் திறந்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் இதற்காகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்கள். கற்றுக்கொண்டே கட்டிய வீட்டில் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஏஓ3யின் மந்தத்துக்குக் காரணம் அனுபவமின்மை மட்டும் என்று சொன்னால் அது பாதிக் கதை. மீதிப் பாதி ஓர் இலக்கிய முடிவு.

அந்த முடிவு, டேக். அதாவது குறிச்சொல். மற்ற தளங்களில் எழுத்தாளர் தன் கதையை வகைப்படுத்த ஒரு பட்டியல் நீட்டப்படும். காதல், நகைச்சுவை, சோகம். அதில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏஓ3யில் வெற்றுக் கட்டம்தான். நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது' என்று எழுதலாம். 'பிழை பார்க்க ஆள் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்' என்று எழுதலாம். 'இதை எழுதும்போது நான் அழுதேன், நீங்களும் அழுங்கள்' என்றும் எழுதலாம். மெல்ல மெல்ல நெருங்கும் காதலுக்கு 'ஸ்லோ பர்ன்' என்பது அங்கே பிரபலமான குறிச்சொல். இவற்றை வரிசையாகப் படித்தாலே ஒரு குரல் கேட்கும். கதைக்கு வெளியே, கதை தொடங்கும் முன்பே, எழுத்தாளர் வாசகரிடம் பேசும் இடம் அது. இதை ஓர் இலக்கிய வடிவமாகவே நான் பார்க்கிறேன். ரசிகர் புனைவைக் கேவலமாகப் பார்க்கும் விமர்சகர்கள் இந்த ஒன்றையாவது திறந்து படிக்கலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. குறுந்தொகைப் பாட்டுகளின் அடியில் யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஒருவகை டேக்தான். என்ன, அதைப் பாடிய புலவர் எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். ஏஓ3யில் எழுதியவரே குறிப்பும் எழுதுகிறார். பின்னால் வருகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலைக்கு 'டேக் ராங்கலிங்' என்று பெயர். மந்தை மேய்ப்பதைச் சொல்லும் சொல். மணிரத்னத்தின் படம் 2022இல் வந்தபின் பொன்னியின் செல்வனை வைத்தும் அங்கே கதைகள் குவிந்தன. ஆங்கில எழுத்தில் வந்தியத்தேவனை எழுத எத்தனை வழி! 'தே'வுக்கு டி போடலாமா, டிஎச் போடலாமா, தமிழிலேயே எழுதினால் என்ன? ஆளாளுக்கு எழுதுவார்கள். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று பின்னணியில் முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சு மட்டும்தான். நீங்கள் எழுதிய எழுத்தைத் திருத்துவதில்லை. உங்கள் கதையின் மேல் நீங்கள் எழுதியபடியே நிற்கும். தேடுகிறவருக்கு மட்டும் எல்லாம் சேர்ந்து கிடைக்கும்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசகர் ஒருவர் வந்து, குந்தவை இருக்க வேண்டும், சோகமாக முடியக் கூடாது, பத்தாயிரம் சொல்லுக்குக் குறையக் கூடாது என்று கேட்கிறார். இயந்திரம் குந்தவையின் அத்தனை எழுத்து வடிவங்களையும், 'சோகம்' என்பதற்கு ரசிகர்கள் கண்டுபிடித்த அத்தனை சொல்லையும் பிடித்து, ஒன்றோடொன்று பொருத்தி, வடிகட்டி, ஒரு பட்டியல் தர வேண்டும். அடுத்தவர் கேட்பது வேறு. எல்லாருக்கும் ஒரே பக்கம் என்றால் ஒருமுறை சமைத்து எடுத்து வைத்து நாசி லெமாக் பொட்டலம் மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கலாம். இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் அடுப்பு பற்ற வைக்க வேண்டும்.

2012இல் அடுப்பு தாங்கவில்லை. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் அந்த ஆண்டு ஜூனில் வயதுவந்தோருக்கான கதைகளை நீக்கத் தொடங்க, அங்கிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். கணக்குத் தொடங்க அழைப்புக்காகக் காத்திருந்தோர் வரிசை நீண்டுகொண்டே போனது. தளம் தவழ்ந்தது. அப்போது அவர்களுக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. டேக் சுதந்திரத்தை எடுத்துவிடலாம். ஐம்பது சொல் கொண்ட ஒரு பட்டியலை நீட்டி இதில் தேர்ந்தெடு என்று சொல்லிவிட்டால் சர்வர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். அதைச் செய்யவில்லை. கதைப் பட்டியல் பக்கங்களில் இருந்த சல்லடையை, அந்த வடிகட்டிகளை, கழற்றி வைத்துவிட்டார்கள். வாசகர்கள் பல மாதங்கள் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துக் கதை தேடினார்கள். திட்டாதவர் கிடையாது. 2013இல் தேடலுக்கென்றே தனி மென்பொருளை வைத்து அந்தச் சல்லடையைப் புதிதாகப் பின்னிக் கொண்டுவந்தார்கள்.

எழுத்தாளரின் வாயைக் கட்டுவதா, வாசகரைக் காக்க வைப்பதா என்ற கேள்வியில் வாசகரைக் காக்க வைத்தார்கள். என் மதிப்பீட்டில் இது மிகச் சரியான முடிவு. வணிகத் தளம் எதுவும் இதைச் செய்யாது. அங்கே காத்திருக்கும் வாசகர் என்பது இழந்த விளம்பரக் காசு.

சுதந்திரத்துக்கு எல்லையே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021இல் ஒரே கதைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேக் போட்டு ஒருவர் வைத்திருந்தது பெரிய சண்டையானது. அந்தக் கதை பட்டியலில் வந்தாலே கைப்பேசியில் விரல் தேயத் தேயத் தள்ள வேண்டியிருந்தது. பிறகு ஒரு கதைக்கு 75 டேக் என்று வரம்பு வந்தது. 75இல் ஒரு மனுஷர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம், எனக்கு இதில் வருத்தமில்லை.

தளம் திணறும்போது வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இன்னும் சுவாரசியம். முதல் அறிவுரை, ரிஃப்ரெஷ் அடிக்காதே. ஒவ்வொரு அடியும் இன்னொரு கோரிக்கை, உன் அவசரமே நெரிசலாகிறது. இரண்டாவது, பிடித்த கதையை இபப்பாக இறக்கி வைத்துக்கொள். தளமே அதற்குப் பொத்தான் கொடுத்திருக்கிறது. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: எழுதுகிறவர்களே, எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை குடோஸ் விழுந்தது என்று பத்து நிமிஷத்துக்கொரு தடவை போய்ப் பார்க்காதீர்கள். நம்முடைய தற்பெருமைக்கும் சர்வரில் எடை உண்டு. (இதை எழுதும் நான் கதை போட்ட அன்றைக்கு நாற்பது முறை பார்த்தவள்.)

வேகம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் கதை போட ஓர் இலவசச் சேவையைப் பிடித்தோம். மின்னல் வேகம். அழகான எழுத்துரு. மூன்றாம் வருஷம் சேவையை நிறுத்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, அது யாரும் பார்க்காத முகவரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் பார்த்தபோது எதுவும் இல்லை. என்னுடைய இரண்டு கதைகளுக்கு வேறு பிரதி கிடையாது. ஒன்று ரப்பர்த் தோட்டத்தில் பாட்டி வளர்த்த கோழியைப் பற்றியது. நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திரும்ப எழுத வரவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு மெதுவாக இருப்பதே அறம் என்று யாராவது கிளம்பினால் எனக்கு உடன்பாடில்லை. ஏஓ3யிடம் இன்னொரு மந்தம் இருக்கிறது. 2020 ஜூனில் அதை நடத்தும் அமைப்பு இனவெறி, தொல்லை ஆகியவற்றைக் கையாள்வது பற்றி அறிக்கை விட்டு வாக்குறுதிகள் தந்தது. மூன்று ஆண்டுகள் கழித்தும் முக்கியமானவை நிறைவேறவில்லை என்று 2023 மே மாதம் ரசிகர்களே இயக்கம் நடத்தினார்கள். தங்கள் கதைகளின் தலைப்பிலும் பயனர் பெயரிலும் கோரிக்கையை ஒட்டிவைத்தார்கள். அங்கே திணறியது சர்வர் இல்லை. குழுக்கள், கூட்டங்கள், யாருக்கும் முடிவெடுக்கத் துணிவில்லாத கடிதப் போக்குவரத்து. நாங்கள் தன்னார்வலர்கள், நேரமில்லை என்பது இயந்திரம் நின்றால் ஏற்கக்கூடிய பதில். கறுப்பினத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர் தன் கதையின் கீழே வசவு வாங்கிக்கொண்டு நிற்கும்போது அதே பதிலைச் சொன்னால் கசக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'பாவம், இலவசமாகச் செய்கிறார்கள்' என்று மன்னிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி இல்லை. நம்மூர் இலக்கியச் சங்கங்களில் இந்த மன்னிப்பை நிறையவே பார்த்திருக்கிறேன்.

மன்னிக்காமல் இருக்க வழியும் அங்கேயே இருக்கிறது. பத்து டாலர் நன்கொடை தந்தால் அந்த அமைப்பின் உறுப்பினராகி, நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம். மாமாக் கடையில் திட்டிய என் நண்பனிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு நான் படிக்காமலே இருந்துருவேன்" என்றான். இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தங்கைக்கு இரண்டு நாளில் எழுபதாவது அத்தியாயம் கிடைத்தது. அடுத்த வாரமே அழைப்புக்குப் பெயர் கொடுத்து, வரிசையில் நின்று கணக்குத் தொடங்கிவிட்டாள். நந்தினியை வைத்துத் தமிழில் ஒரு சின்னக் கதை எழுதினாள். டேக் எல்லாம் தமிழ் எழுத்தில். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அவள் எழுதிய 'நந்தினி'யைத் தொட்டால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மற்ற நந்தினிகளும் சேர்ந்து வருகிறார்கள். யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். "யாருக்கா செஞ்சது?" என்று கேட்டாள். தெரியவில்லை. அவளுடைய கதையின் மேல் அந்தப் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கிறது.