தாளம் தப்பி நட, புழு வராது

2024 மார்ச்சில் வடபழனி ஐமேக்ஸில் ‘டூன்’ இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, என் வலது கை தன்பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. எனக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை.

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965-ல் வந்தது. கல்லூரி நாட்களில் லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன பிரதி ஒன்று கிடைத்து, ராத்திரி முழுக்கப் படித்தேன். அரசியல், மதம், வாசனைப் பொருளுக்காக நடக்கும் சண்டை என்று அதில் என்னென்னவோ உண்டு. என்னைப் பிடித்து உலுக்கியது ஒரே ஒரு விஷயம். கதை நடக்கும் அராக்கிஸ் கிரகத்தின் பாலையில் சீராக அடி எடுத்து வைத்தால் செத்தோம். மணலுக்கடியில் திரியும் ராட்சதப் புழு அந்த ஒழுங்கான அதிர்வைக் கேட்டு வந்துவிடும். அதனால் அங்கே வாழும் ஃப்ரெமன் மக்கள் ஒரு எட்டு வைத்து, காலை இழுத்து, நின்று, மறுபடி சறுக்கி நடப்பார்கள். கேட்பதற்கு மணல் தானாகச் சரிவது போலத்தான் இருக்கவேண்டும். புழுவே வேண்டுமென்றால் ‘தம்ப்பர்’ என்ற கருவியை மணலில் நட்டுவிடுவார்கள். அது ஒரே கதியில் தட்டிக்கொண்டே இருக்கும். தாளத்தை உயிர்ப் பிரச்சினையாக்கிய இன்னொரு விஞ்ஞானக் கதையை நான் படித்ததில்லை.

இதை எப்படிப் படமாக்குவார்கள் என்று எனக்குப் பயம் இருந்தது. 1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த படம் நாவல் முழுவதையும் ஒரே படத்தில் திணித்துத் திணறியது. டெனி வில்நவ் கதையை இரண்டாகப் பிரித்தார். 2021-ல் முதல் பாகம், 2024-ல் இரண்டாம் பாகம். முதல் பாகத்தின் மணல் நடையை பெஞ்சமின் மில்பியே என்ற பாலே கலைஞரை வைத்தே அமைத்திருக்கிறார். நடனக்காரரிடம் கொடுக்கத் தோன்றியதே, அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்!

இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் பால் முதல் தடவை புழு மேல் ஏறும் காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். தம்ப்பரை நடுகிறான். டம், டம், டம். சுற்றிலும் வேறு சத்தமே இல்லை. தூரத்தில் மணல் மேடு ஒன்று அலை போல எழுந்து வருகிறது. முதலில் என் நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது, பிறகு முதுகு, பிறகு நெஞ்சு. அவன் நின்ற மேடு சரிந்து புழுவின் முதுகில் விழுந்தபோது என் பக்கத்து இருக்கைப் பையன் மூச்சுவிட மறந்திருந்தான். அந்த வருஷப் படங்களில் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

பாலின் காதலி சானி விஷயத்தில் நாவலையே மிஞ்சிவிட்டார் வில்நவ். புத்தகத்தில் அவள் பாலின் பின்னாலேயே நிற்பவள். படத்திலோ எல்லோரும் அவனை அவதாரமென்று விழுந்து வணங்க, அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்கிறாள். அவதாரங்களை நம்பிவிடாதே என்று ஹெர்பர்ட் சொல்ல நினைத்த எச்சரிக்கை அவள் முகத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இசைக்கு வருகிறேன். ஹான்ஸ் ஸிம்மர் இளவயதில் இந்த நாவலில் மூழ்கிக் கிடந்தவர். இதற்காக நோலனின் ‘டெனட்’ படத்தையே வேண்டாமென்றார். முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். பெத்ரோ எவுஸ்தாச்சே என்ற குழல் கலைஞர் இதற்காகவே 21 அடி நீளக் கொம்பு ஒன்றைச் செய்தார். ஆனால் நம்மைக் கிறங்கடிப்பது அந்தப் பெண் குரல். லோயர் காட்லர் என்பவருடையது. யூதர்களின் சொல்லில்லாப் பாடல், கெல்டிக் ஒப்பாரி, இவற்றோடு தென்னிந்திய வாய்த் தாளமும் சேர்ந்த குரல் அது. ஆமாம், நம் கொன்னக்கோல்! இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் துள்ளிக் குதித்தேன்.

போன மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மதியக் கச்சேரி. கூட்டம் முப்பது பேர்கூட இல்லை. மிருதங்கத்தோடு கொன்னக்கோலும் இருந்தது. ஆதி தாளம். தாளக் கலைஞர்களுக்கான தனி ஆவர்த்தனம் வந்ததும் கொன்னக்கோல் வித்வான் ‘தகதிமி’யில் நிதானமாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் ‘தகிட தகதிமி, தகிட தகதிமி’ என்று ஏழேழாக வெட்டிப் போட ஆரம்பித்தார். என் விரல் எண்ணிக்கை இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே குழம்பிவிட்டது. அவர் கை மட்டும் முழங்காலில் எட்டை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. நாக்கு ஒரு வழி, கை ஒரு வழி. நெற்றியில் வியர்வை, உதட்டோரம் சின்னச் சிரிப்பு. கோர்வை ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை முடிந்த இடத்தில் பாட்டின் எடுப்பு வந்து சரியாக உட்கார்ந்தது. பாடகி அந்த நொடியே பல்லவியை எடுத்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் “பலே!” என்று கத்தியேவிட்டார்.

ஃப்ரெமன் நடையும் இதேதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. தாளம் தெரியாதவனால் தாளம் தப்பி நடக்க முடியாது. எங்கே அடி விழும் என்று புழுவுக்கும் தெரியக்கூடாது, ரசிகனுக்கும் தெரியக்கூடாது. நடக்கிறவனுக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாம் பாகம் 2026 டிசம்பர் 18-ல் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஹெர்பர்ட்டின் 1969 நாவலான ‘டூன் மெசையா’தான் கதை. மார்கழி பிறந்து இரண்டொரு நாளில் வருகிறது, பாருங்கள்! காலையில் படம், மதியம் கச்சேரி என்று நான் இப்போதே மனசுக்குள் திட்டம் போட்டாயிற்று. மியூசிக் அகாடமி மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. ஆனால் பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணமே கிடையாது. இளம் வித்வான்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும் நேரம் அது.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரதான உருப்படி முடிந்து தனி ஆரம்பிக்கும்போது பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போய்விடும். இந்த வருஷம் நீங்கள் எழுந்து போகாதீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். காபி அதன் பிறகும் சூடாகவே கிடைக்கும்.