போர்வையும் தோற்சுருளும்

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் காலை ஷிப்டுக்குச் செல்வோர் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்பதைக் காணலாம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள ஊரல்லவா! சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வெளியூர்களிலிருந்து வந்து, ஒற்றை அறையில் வாடகைக்கு வாழும் இளைஞர்களுக்குக் குளிரோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. திருவருகைக் காலத்தில் அத்தகைய ஓர் இளைஞர் நம்மிடம் வந்து, "இரவில் தூக்கம் வருவதில்லை ஃபாதர், படிக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டார். அவருக்கு நாம் கொடுத்த நூலைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

அது மூதறிஞர் இராஜாஜியின் வேலூர்ச் சிறை நாட்குறிப்பு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் அவர். அவ்வூரில் அவர் பிறந்த இல்லம் இன்று நினைவகமாக உள்ளது. ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை மூன்று மாதம் சிறையில் இருந்தார். நாம் குடில் அமைத்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் அவருக்குச் சிறைக் கதவு அடைக்கப்பட்டது.

இந்நூலில் பலரும் அறிந்த பகுதி ஒன்றே ஒன்றுதான்: 1922 ஜனவரி 24 அன்று எழுதிய குறிப்பு. விடுதலை கிடைத்தவுடன் நல்லாட்சி மலர்ந்துவிடாது. தேர்தல் ஊழலும் பணபலமும் நிர்வாகத் திறமையின்மையும் வாழ்வை நரகமாக்கும். நன்னடத்தையும் இறையச்சமும் அன்பும் வளர்க்கும் கல்வியே நம்பிக்கை தரும் என்பது அதன் சாரம். தேர்தல்தோறும் இதை எடுத்து வாசித்து, 'அன்றே சொன்னார்' என்று வியப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. வியப்பு நியாயமே. ஆனால் அந்த ஒரு பக்கத்திற்காக மற்றப் பக்கங்களைப் புரட்டாமல் விடுவது நூலுக்குச் செய்யும் அநீதி என்பது நமது கருத்து.

ஏனெனில் அதன் உயிர் சிறு குறிப்புகளில் உள்ளது. எழுதியவர் நாற்பத்து மூன்று வயதினர், சேலத்தில் புகழோடு நடத்திய வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவர், மனைவியை முன்னரே இழந்தவர், ஆஸ்துமாவால் வருந்தியவர். உண்ட உணவு, உடல்நிலை, உடனிருந்த கைதிகள் என அன்றாடச் செய்திகளையே அவர் எழுதிச் செல்கிறார். எல்லா நாளும் ஒரே நாளாகிவிடும் இடத்தில், ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்டு, அதற்கென ஒரு சொல்லேனும் தேடி எழுதுவது சிறிய காரியமன்று. திருப்புகழ்மாலையைச் சொல்லிப் பழகிய குருக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மனம் ஒன்றாத நாளிலும் நேரம் வந்ததும் நூலைத் திறக்கிறோம். அந்தத் திறத்தலே பாதிச் செபம்.

பிற்காலத்தில் உரோமைப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் இராஜாஜி தமிழில் தந்தார். தன்யூப் ஆற்றங்கரைப் போர்முனையில், பாசறைகளில் தங்கியிருந்த காலத்தில் அப்பேரரசர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிய கைக்கு அந்நூல் அந்நியமாக இருந்திராது.

இவ்வளவு போற்றிக் கொடுத்த நூலை, இரண்டு வாரம் கழித்து அவ்விளைஞர் திருப்பிக் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அவருக்கு மூன்று மாதம் என்று தெரியும் ஃபாதர். எனக்கு எத்தனை மாதம் என்று யார் சொல்வார்?" என்று கேட்டார். ஒப்பந்தத் தொழிலாளியாக நான்காம் ஆண்டு வேலை பார்ப்பவர் அவர். நம்மிடம் மறுமொழி இல்லை.

நூலின் குறையை நாம் கண்டதைவிட அவர் தெளிவாகக் கண்டுவிட்டார். இராஜாஜிக்குச் சிறை தாமே தேடி ஏற்ற தவம். முடிவு நாள் தெரிந்த தவம். அதனால் அவர் தம் துயரைச் சற்று எட்டவே நிறுத்திப் பேசுகிறார். 'எனக்கு ஒருவர் துணை வேண்டும்' என்று கேட்கும் குரலை அப்பக்கங்களில் தேடினோம். நம் காதில் விழவில்லை.

அக்குரலைப் பவுலடியாரிடம் கேட்கிறோம். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த போர்வையையும், நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். முதல் விசாரணையில் எவரும் தம் பக்கம் நிற்கவில்லை என்கிறார். ஆண்டவர் நின்றார் என்றும் சொல்கிறார். அப்படிச் சொன்ன பிறகும், குளிர்காலத்திற்கு முன்னே வந்துவிடு என்று கெஞ்சுகிறார். இத்திருமுகம் அவரே எழுதியதா என்று விவிலிய அறிஞர்கள் வாதிடுவர். குருமடத்தில் நாமும் அவ்வாதத்தைப் படித்தோம். குளிரில் போர்வை கேட்கும் வரிக்கு வரும்போது அவ்வாதம் நமக்கு மறந்துபோகிறது. போர்வையையும் நூலையும் ஒரே மூச்சில் கேட்டவர், அவற்றைக் கொண்டுவரும் ஆளையும் கேட்டார்.

நாம் தோற்சுருளை மட்டும் கொடுத்தனுப்பினோம். அவ்விளைஞரின் அறைக்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை என்பது இவ்வரிகளை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பங்குக் கோவிலிலிருந்து அது இரண்டு கிலோமீட்டர் தூரம்.