அம்பாப் பாடல்களும் கரைவலைத் தொழிலும்

ஈழத்து மீனவரின் அம்பாப் பாடல்கள் உழைப்பின் களைப்பைப் போக்கப் பாடப்படுபவை என்பது வழமையாகக் கூறப்படும் கருத்தாகும். இது பொய்யன்று, ஆயின் போதியதுமன்று. களைப்பைப் போக்குதல் மட்டுமே நோக்கமெனின் எப்பாடலும் அதற்குப் போதும். கரைவலை இழுப்போருக்கு அம்பா ஏன் வேண்டப்பட்டது என்பதே வினா.

விடை தொழிலின் அமைப்பிலேயே உண்டு. கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்க, தோணி கடலில் வலையை அரைவட்டமாக வளைத்து மறுமுனையைக் கரை சேர்க்கும். பின்னர் இரு குழுவினர் இரு பக்கமும் நின்று இழுப்பர். ஒரு பக்கம் விரைந்து மறுபக்கம் தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும். முன்னவர் ஓரடியைப் பாட, ஏனையோர் பின்னடியை ஒருமித்து இசைப்பர். அப்பின்னடியிலேயே எல்லாக் கைகளின் விசையும் ஒன்றுசேர்கின்றது. எனவே, பொருளற்றவை எனத் தள்ளப்படும் 'ஏலேலோ' போன்ற சொற்களே பாடலின் உயிர்நிலை எனலாம்.

இதனை மனங்கொள்ளாத திறனாய்வு அம்பாவிற் கட்டுக்கோப்பின்மையைக் காண்கிறது. தெய்வத்தை விளிக்கும் பாடல் காதலுக்குத் தாவும். அங்கிருந்து சம்மாட்டியை எள்ளும். ஆயின், அம்பாவின் நீளத்தை வரையறுப்பது பாடுபொருளன்று, கயிறே. மடி கரையேறும்வரை பாட்டும் நீளவேண்டும். சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் நெய்தலைப் பாடுவதே. எனினும் அது புகார்க் கடற்கரையில் யாழுடன் இளைப்பாறியோரின் பாட்டு. அதன் அளவுகோல் அம்பாவுக்குப் பொருந்தாது.

சம்மாட்டியை எள்ளும் அடிகளும் வெறும் வேடிக்கையல்ல. தோணியும் வலையும் அவருடையவை. இழுப்போர் பங்குக்கு உழைப்பவர். நேரிற் சொல்ல இயலாததைப் பாட்டிற் சொல்லலாம். பின்னடி இசைப்போர் யாவரும் அக்கூற்றிற் பங்காளராகின்றனர். பாட்டைத் தடுத்தால் இழுவையும் தளரும். ஆதலின் சம்மாட்டியும் கேட்டே ஆகவேண்டும். தனியொருவரின் குறை கூட்டுக் குரலாக மாறும் இடம் இதுவே.

பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் வலையை இழுக்கலாயிற்று. இயந்திரத்திற்குப் பின்னடி வேண்டியதில்லை. உடலை வருத்தும் அவ்வுழைப்பு மீண்டும் வேண்டுமென எவரும் கோரார். ஆயினும், அம்பாவைத் தொகுப்போர் சொற்களை மட்டும் ஏட்டில் ஏற்றுதல் போதாது. எவ்வடியை யார் பாடினர், எவ்வசையில் இழுவை விழுந்தது, எவ்வடிக்குச் சிரிப்பெழுந்தது என்பனவும் பதிவாகவேண்டும். கயிறு பிடித்த கைகள் இன்னும் கரையில் உள்ளபோதே அப்பணி நடைபெறல் வேண்டும்.