ஹிர்ட்டியஸின் சுனை

ஹிர்ட்டியஸ் பெரிய எழுத்தாளர் இல்லை. அதை அவரே சொல்லிவிடுகிறார். கோல் நாட்டுப் போர்களைப் பற்றிய (இன்றைய பிரான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சீசரின் குறிப்புகளில் முதல் ஏழு பாகங்கள் சீசர் எழுதியவை. எட்டாவதை எழுதிச் சேர்த்தவர் அவருடைய அதிகாரி ஹிர்ட்டியஸ். சீசரின் எழுத்தோடு தன்னுடையதை ஒட்டவைப்பதற்குக் கூச்சப்பட்டு, முகப்பில் ஒரு கடிதமும் வைத்திருக்கிறார். பெரும்பாலான வாசகர்கள் அலேசியாவில் வெர்சிங்கெடோரிக்ஸ் சரணடைவதோடு, ஏழிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது எட்டுதான்.

கி.மு. 51. உக்ஸெல்லோடூனும் என்ற மலைக்கோட்டை. உள்ளே தானியம் நிறைய இருக்கிறது, பட்டினி போட்டுப் பணியவைக்க முடியாது. ஆகவே சீசர் தண்ணீரில் கை வைக்கிறார். ஆற்றுக்கு இறங்கும் வழிகளை வில்லாளிகளும் கவண்காரர்களும் அடைத்துவிட, மதிலடியில் பொங்கும் ஒரே சுனைதான் மிச்சம். அதை மேலிருந்து தாக்க 60 அடி உயர மண்மேடு, அதன்மேல் பத்து அடுக்குக் கோபுரம். கோட்டைக்காரர்கள் கொழுப்பும் கீலும் நிரப்பிய பீப்பாய்களைக் கொளுத்தி உருட்டிவிடுகிறார்கள். கடைசியில் ரோமர்கள் மலைக்குள் சுரங்கம் வெட்டி, சுனையின் ஊற்றுக்கண்ணைத் திருப்பிவிடுகிறார்கள். சுனை சட்டென்று வற்றுகிறது. இது மனித வேலை இல்லை, தெய்வத்தின் விருப்பம் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் சரணடைகிறார்கள்.

இந்தக் கோட்டை எங்கே இருந்தது என்று பல தலைமுறைகள் சண்டை போட்டிருக்கின்றன. பெயரை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. கோல் மொழியில் அதற்கு அர்த்தம் 'உயர்ந்த கோட்டை', அவ்வளவுதான். அதனால் எல்லாரும் ஹிர்ட்டியஸின் வாக்கியங்களைப் பிடித்துத் தொங்கினார்கள். அத்தியாயம் 40இல் மலையைச் சுற்றி வருவது, இலக்கணப்படி பார்த்தால், ஆறு இல்லை, பள்ளத்தாக்கு. ஆறு அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. அடுத்த அத்தியாயத்திலேயே ஆற்றின் சுற்று வருகிறது, அது சூழாத இடைவெளி சுமார் 300 அடி என்கிறார். மனுஷன் கொஞ்சம் தெளிவாக எழுதியிருக்கலாம்! இந்த 300 அடியை நம்பியவர்கள் லோட் ஆறு வளைந்து சூழும் கப்தெனாக், லுஸெக் போன்ற இடங்களுக்குப் போனார்கள். எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷம்போலியோனின் அண்ணன் கப்தெனாக் கட்சி. 1820இல் அதற்காக ஒரு நூலே வெளியிட்டார்.

ஆனால் தடயம் கிடைத்தது அப்படி ஆறு வளைத்துப் பிடிக்காத ஒரு மலையில். தோர்தோன் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் புய் திஸோலூ. சீசரைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த மூன்றாம் நெப்போலியனின் காலத்தில், 1865இல், அங்கே லூலியே சுனையருகே தோண்டினார்கள். நீர்வழியை நோக்கிப் போகும் சுரங்கம் தென்பட்டது. 1990களில் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும் எறிபொறிகளின் ஈட்டிமுனைகளும் வெளியே வந்தன. 2001இல் பிரெஞ்சுக் கலாச்சார அமைச்சகம் அந்த இடத்தை அங்கீகரித்தது. ஆற்றைக் குழப்பி எழுதியவர் சுனையைச் சரியாக எழுதியிருக்கிறார். படைகள் உண்மையில் எதற்காகச் செத்தனவோ, அந்த இடத்தில் மட்டும் அவருடைய கை நடுங்கவில்லை என்று நான் வாசிக்கிறேன்.

எனக்குச் சிக்கல் இதற்குப் பிறகுதான். இடம் சரி, சுரங்கம் சரி, அம்பும் சரி. அப்படியானால் ஹிர்ட்டியஸ் சொல்வதெல்லாம் சரி என்று மனசு தானாகவே ஒரு படி தாண்டிவிடுகிறது. வரலாற்று நாவல் படித்துவிட்டு இடம் பார்க்கக் கிளம்புகிற நமக்கு இந்தத் தாவல் புதுசு இல்லை. ஆனால் மண் சாட்சி சொல்வது சுனைக்கு மட்டும்தான். அத்தியாயம் 44இல் சீசர், ஆயுதம் ஏந்திய அத்தனை பேருடைய கைகளையும் வெட்டி, உயிரை மட்டும் விட்டுவைக்கிறார். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. அதற்கு முன்னுரையாக ஹிர்ட்டியஸ் என்ன எழுதுகிறார் தெரியுமா? சீசரின் கருணை ஊரறிந்தது, ஆகவே கடுமையாக நடந்தால் அதைக் கொடூர குணம் என்று யாரும் நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு இல்லையாம். கருணையை முதலில் போட்டு, கைகளைப் பிறகு வைக்கும் வாக்கியம். இந்த வரிசையைச் சரிபார்க்க எந்த மண்வெட்டியாலும் முடியாது. அது வாசிப்பவர் வேலை.

தாகத்துக்காகச் சரணடைந்தவர்கள் அவர்கள். இனி ஒரு வாய்த் தண்ணீர் அள்ளக் கை இல்லை. ஹிர்ட்டியஸுக்கு இது தோன்றியதாகவே தெரியவில்லை. தோற்றவன் பக்கம் நின்று பாட அங்கே ஒரு புலவரும் மிஞ்சவில்லை. தலைவர்களில் டிராப்பெஸ் சிறையில் சாப்பிட மறுத்துச் செத்தார். சங்கிலியின் அவமானத்தாலா, இன்னும் கடுமையான தண்டனைக்குப் பயந்தா என்று ஹிர்ட்டியஸ் இரண்டு காரணங்களைத் தருகிறார். எதிர்ப்பாகவும் இருக்கலாம் என்ற மூன்றாவது காரணம் அவரிடம் இல்லை.

அத்தியாயம் 32இலிருந்து 44 வரை. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எந்த மொழிபெயர்ப்பில் படித்தாலும், சுரங்கம் வெட்டும் பகுதியின் விறுவிறுப்பில் 44ஐ வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.