வைஃபை பாஸ்வேர்டை மறந்தது யார்?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன். "தம்பி, புது செல்லுல வைஃபை பாஸ்வேர்டு கேக்குது. என்ன போடறது?"

அக்கா கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறி, வெள்ளிமலைக்குப் போகிற பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில் ஒரு பலாமரம் இருக்கிறது, அதற்கடியில் நின்றால் ரெண்டு கோடு வரும். அங்கே நின்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஆனால் வீட்டில் ஃபைபர் நெட் உண்டு. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் நம் நாட்டில் வைஃபை காலிங் வந்த பிறகு, டவர் எட்டாத வீட்டிலும் அதே நம்பருக்கு வைஃபை வழியாக அழைப்பு வரும். அக்காவுக்கு அது பெரிய வசதி. ராத்திரி ஒரு வீட்டில் பிரசவ வலி என்றால் முதலில் அடிப்பது அக்கா போனுக்குத்தான். பழைய போன் தண்ணீரில் விழுந்து திரை செத்துப்போனது. புது போனில் பாஸ்வேர்டு இல்லை. அதாவது, ராத்திரி அந்த நம்பருக்கு யார் அடித்தாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றுதான் வரும். வைஃபை பாஸ்வேர்டு என்றால் சினிமா பார்க்கிற சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

"அக்கா, வீட்டுல வேற எதுல வைஃபை ஓடுது?"

"நீ குடுத்த பழைய லேப்டாப்புல ஓடுது. அதுல பையன் ஏதோ வீடியோ பாத்துட்டு, அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஓட்டையில குண்டூசி விடணும்னு சொல்லிட்டு நிக்கறான்."

"மொதல்ல ஓடிப் போயி அந்தக் குண்டூசியப் புடுங்குக்கா!"

இந்தக் கட்டுரை அந்தக் குண்டூசியைப் பற்றியது. அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்த வீடியோக்களையும், அப்படி ஒரு வீடியோ தேவைப்படுகிற மாதிரி கருவிகளைச் செய்து வைத்திருக்கிறவர்களையும்தான் விமர்சிக்க நினைக்கிறேன்.

வழிகாட்டிகளின் மூன்று தவறுகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் உட்கார்ந்து, இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கிற வீடியோக்களையும் குறிப்புகளையும் பார்த்தேன். நல்லவை சில உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்தன.

முதல் குறை, 'ஹேக்' என்ற வார்த்தை. சொந்த வீட்டுச் சாவியைச் சொந்த மேசை டிராயரில் தேடுவதற்குப் பெயர் திருட்டு இல்லை. அடுத்த வீட்டுக்காரர் இணைப்புக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு, அது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரும். இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் கலந்து விற்றால், நேர்மையாகத் தேடுகிறவருக்குக் குற்ற உணர்வு வருகிறது. திருட நினைக்கிறவருக்குத் தைரியம் வருகிறது.

இரண்டாவது, ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்வது. உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் காட்ட இன்னொருவரின் செயலி எதற்கு? அது லொகேஷன் அனுமதி வேறு கேட்கும்.

மூன்றாவதுதான் குண்டூசி. ரீசெட் பொத்தானைப் பத்து நொடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும், அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டு வேலை செய்யும் என்கிறார்கள். பொய் இல்லை. சொல்லாமல் விடுவது என்னவென்றால், பல இணைப்புகளில் நெட் வருவதற்கே அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு பயனர் பெயர், ரகசியச் சொல், விலேன் எண் என்று சில அமைப்புகள் இருக்கும். சில நிறுவனங்களின் பெட்டி அவற்றைத் தானாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பல பெட்டிகள் வாங்கிக்கொள்ளாது. அப்போது வைஃபை கிடைக்கும், நெட் கிடைக்காது. சென்னையில் என்றால் சாயங்காலத்துக்குள் லைன்மேன் வந்துவிடுவார். மலை மேல், மழை நாளில், எப்போது வருவார் என்று அக்காவைத்தான் கேட்கணும். ரீசெட் கடைசி வழி. அதை முதல் வழியாகச் சொல்கிறவர் மலையில் குடியிருப்பவரை நினைத்துப் பார்க்கவில்லை.

இது ஏன் சாத்தியம்?

பல வழிகாட்டிகள் விளக்காமல் விடுகிற ஒன்று. உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மறந்தால் அந்த நிறுவனத்தாலேயே அதைச் சொல்ல முடியாது, மாற்றித்தான் தர முடியும். ஒழுங்கான நிறுவனம் என்றால் பாஸ்வேர்டை வைத்திருக்காது, அதைத் திரும்ப எடுக்க முடியாதபடி அரைத்த ஒரு வடிவத்தைத்தான் வைத்திருக்கும். வைஃபை அப்படியில்லை. ஒவ்வொரு முறை வீட்டுக்குள் நுழையும்போதும் உங்களைக் கேட்காமலே போன் ரவுட்டருடன் சேர்ந்துகொள்கிறதே, எப்படி? ரகசியம் போனுக்குள்ளேயே இருப்பதால்தான். 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 முறையில் 8 முதல் 63 எழுத்துள்ள பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து 256 பிட் சாவி ஒன்றைச் செய்கிறார்கள். அந்தச் சாவியைக் காற்றில் அனுப்புவதில்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்ளும். அதற்காக நம் கருவிகள் மூல ரகசியத்தையே சேமித்து வைக்கின்றன. எனவே மீட்பது என்பது உடைப்பது இல்லை, எழுதி வைத்ததைப் படிப்பது.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். எழுதி வைத்ததை உரிமையாளர் கேட்டால் கருவி காட்டுகிறதா? இந்த அளவுகோலில் ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

யார் கொடுக்கிறார்கள், யார் ஒளிக்கிறார்கள்

ஆண்ட்ராய்டு 10-லிருந்து (2019) நல்ல மாற்றம். வைஃபை அமைப்பில் இணைந்திருக்கிற நெட்வொர்க்கைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால், கைரேகையோ பின்னோ கேட்டுவிட்டு ஒரு க்யூஆர் கட்டம் காட்டும். பல போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டு எழுத்தாக இருக்கும். சில கம்பெனிகள் எழுத்தை எடுத்துவிட்டுக் கட்டத்தை மட்டும் காட்டுகின்றன. இது வெறும் பாவனை. அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு சாதாரண எழுத்தாகத்தான் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்கேன் செய்தால் வந்துவிடும். திருடனை இது தடுக்காது. கேமரா இல்லாத டிவியில் பாஸ்வேர்டைத் தட்டெழுத நினைக்கிற வீட்டுக்காரரைத்தான் தடுக்கும். 10-க்கு முந்தைய பெரும்பாலான போன்களிலோ, ரூட் செய்யாமல் பார்க்க வழி கிடையாது.

ஐபோன் இன்னும் பிடிவாதம். 2017-இல் பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஐபோனுக்குக் கொடுக்க வழி செய்தார்கள். ஆனால் உரிமையாளர் கண்ணால் பார்க்க 2022-இல் ஐஓஎஸ் 16 வரவேண்டியிருந்தது. இப்போது வைஃபை பட்டியலில் நெட்வொர்க்குக்குப் பக்கத்திலுள்ள 'ஐ' குறியைத் தொட்டு, பாஸ்வேர்டு வரியைத் தொட்டால், முகமோ விரலோ கேட்டுவிட்டுக் காட்டும். தாமதமாக வந்தாலும் சரியாக வந்தது. மேக்கில் இது கீசெயினில் பல வருஷமாகவே உண்டு.

விண்டோஸ் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் 'வைஃபை சென்ஸ்' என்று ஒன்று வந்தது. நீங்கள் சம்மதித்துப் பகிரும் நெட்வொர்க்கில் உங்கள் அவுட்லுக், ஸ்கைப், ஃபேஸ்புக் தொடர்புகளும் பாஸ்வேர்டு கேட்காமலே சேரலாம். எதிர்ப்பு வந்து மறுவருஷமே அந்தப் பகிர்வை எடுத்தார்கள். ஒரு பக்கம் உரிமையாளருக்கே காட்டாத கருவி, மறுபக்கம் நண்பரின் நண்பருக்குக் கதவைத் திறக்கப் பார்த்த கருவி. இரண்டிலும் வீட்டுக்காரர் யார் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

என் மீதும் ஒரு விமர்சனம்

அக்கா வீட்டு லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. நான் சாஃப்ட்வேர்காரன் இல்லையா, உடனே கட்டளை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "நெட்எஸ்ஹெச், ஒரு இடைவெளி, டபிள்யூலேன், இடைவெளி, ஷோ, இடைவெளி, ப்ரொஃபைல், அப்புறம் நேம் ஈக்வல் டு நெட்வொர்க் பேரு, இடைவெளி, கீ ஈக்வல் டு கிளியர்." அக்கா பலாமரத்தடியில் நின்று நோட்டில் எழுதி, பையனிடம் கொடுத்தனுப்ப, அவன் வீட்டுக்கு ஓடி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். "மாமா, அப்பிடி ஒண்ணு இல்லைனு வருது." நெட்வொர்க் பெயருக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது, மேற்கோள் குறி போடச் சொல்ல மறந்திருந்தேன். மறுபடி ஓட்டம். இந்த முறை திரை நிறைய ஆங்கில வரிகள், எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. 'கீ கன்டென்ட்' என்கிற வரி என்று சொல்லி, மூன்றாவது ஓட்டத்தில்தான் பாஸ்வேர்டு கிடைத்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் திறந்து, வைஃபை பெயரைத் தொட்டு, ஒயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், அதில் செக்யூரிட்டி, 'ஷோ கேரக்டர்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருந்தால் அவ்வளவுதான். அந்த வசதி விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. இணைப்பில் இருக்கிற லேப்டாப்புக்கு அதுவே போதும். கட்டளை தேவைப்படுவது, இப்போது எட்டாத பழைய நெட்வொர்க்கின் பாஸ்வேர்டு வேண்டும்போதுதான். போதாக்குறைக்கு, லேப்டாப்பில் நெட் ஓடும்போது அதிலேயே வீடியோ கால் போட்டிருக்கலாம். அக்காவுக்கும் தோணலை, எனக்கும் தோணலை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் நிபுணர் என்ற நினைப்பு எனக்கும் இருந்திருக்கிறது. அந்த வீடியோக்காரர்களிடம் நான் குறை சொல்வதும் இதே நினைப்பைத்தான். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு விண்டோஸ் போயிருக்கிறது. அந்த வீடுகளுக்குத் தேவை ஒரு டிக் எங்கே போடுவது என்கிற ஒரே ஒரு படம்.

கிடைத்த பாஸ்வேர்டைப் பையன் படித்துக் காட்டினான். பத்து இலக்கம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது அவரோட பழைய நம்பரு" என்றார். அக்கா வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷமாகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் அவருடைய செல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டு, அவர் போனிலும் அக்கா போனிலும் அவரே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

ஆக, மறந்தது யார்? தெரிந்தால்தானே மறக்க! நம் வீடுகளில் 'மறந்துபோன பாஸ்வேர்டு' என்பதில் பாதி இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுமானம். பெட்டியைப் பொருத்துகிறவர் வைக்கிறார், வீட்டு ஆணிடம் சொல்கிறார், அல்லது சொல்வதே இல்லை. மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குச் சாவி எங்கே என்று தெரியாது. எனவே கருவி காட்டுகிறதா என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை, யாரை வீட்டுக்காரர் என்று எண்ணுகிறோம் என்பது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பாஸ்வேர்டே இல்லாமல் விட்டுவிடலாமே என்று கேட்ட நண்பருக்கு ஒரு நிகழ்வைச் சொன்னேன். 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வைஃபையில் போய் நின்றது. அவருடைய இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மறுவருஷம் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பது பற்றி அறிவுறுத்தல் தந்தது. கதவு பூட்டித்தான் இருக்கணும். சாவி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கணும்.

வரிசை இதுதான்: இணைந்திருக்கிற போன், லேப்டாப், பிறகு பெட்டியின் அடியில் உள்ள சீட்டு, பிறகு லேன் கம்பி போட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கம், பிறகு இணைப்புக் கொடுத்தவருக்கு ஒரு போன். குண்டூசி எல்லாவற்றுக்கும் கடைசி.

செல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பது நல்லதில்லை, மாற்றிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "மாத்தலாம், பொங்கலுக்கு நீ வரும்போது பாத்துக்கலாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. மாத்திரை வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம், பையன் கையெழுத்தில், அந்தப் பத்து இலக்கமும் இப்போது ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள்ளிருந்தே அக்கா கூப்பிட்டார். நன்றாகக் கேட்டது.