பாதுகாப்புப் பண்பாடு: சொல்லும் பொருளும்

அறிவியல் தொடர்களைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் நேர்வைத்துவிட்டுப் பொருளை விளக்காது விடுதல் உண்டு. கதிர்வீச்சுத் துறையில் வழங்கும் 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் தொடர் அத்தகையது. பாதுகாப்பு என்றதும் காவலும் கட்டளையும் நினைவுக்கு வருகின்றன. பண்பாடு என்றதும் கலையும் விழாவும் தோன்றுகின்றன. இரண்டும் ஈண்டுப் பொருந்தா.

1986-இல் நிகழ்ந்த செர்னோபில் அணுவுலை விபத்தை ஆராய்ந்த பன்னாட்டு அறிவுரைக் குழு இத்தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தது; 1991-இல் தனி நூலாகவே விளக்கிற்று. விதி இருப்பது மட்டும் போதாது, தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை யாவரும் காப்பையே முதற்கடனாகக் கொள்ளும் மனப்பாங்கு வேண்டும் என்பதே அதன் கருத்து.

மலேசியாவில் 1984-இலேயே அணுசக்தி உரிமச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-ஆம் ஆண்டு விதிகள் ஊழியர்க்கு ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவர்ட்டும், பொதுமக்கட்கு 1 மில்லிசீவர்ட்டும் எல்லையென வகுத்தன. ஆயினும் 2018 ஆகஸ்டு 10-இல் சிரம்பானிலிருந்து ஷா ஆலமுக்கு வண்டியிற் கொண்டு செல்லப்பட்ட, 23 கிலோ எடையுள்ள கருவியொன்று வழியிற் காணாமற் போயிற்று. அதனுள் இருந்தது, உலோகப் பற்றவைப்பின் குறைகளைப் படம்பிடிக்க உதவும் இரிடியம்-192. உறையினின்று வெளிப்படின், அறியாது கையில் எடுப்போர்க்குப் புண்ணும் உயிர்க்கேடும் விளைக்க வல்லது அது.

இத்தகைய இழப்பில் காலந்தாழ்த்தாது அறிவித்தலே பிறரைக் காக்கும். தண்டனை ஒன்றையே காட்டும் நிலையத்தில் தவறு மறைக்கப்படும். உண்மை உரைத்தோரை மதிக்கும் நிலையத்தில் அது விரைந்து வெளிப்படும். இவ்வேறுபாட்டையே அத்தொடர் குறிக்கின்றது.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் கற்ற தமிழர்க்கு இது புதிதன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் அவ்வுரிமையைப் பெரியார்க்கு வழங்கினார். இத்துறையோ வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த இளைஞனுக்கும் வழங்குகின்றது. 'வேலையை நிறுத்துக' என அவன் கூறின், மேலாளர் செவிசாய்த்தல் வேண்டும். மூத்தோர் சொல்லை மறுத்தல் முறையன்று எனப் பழகிய நம்மவர்க்கு இதுவே அரிய பாடமாகும்.

ஆதலின் புதுச்சொல் படைப்பதினும் பொருளைப் பழக்குதலே இன்றியமையாதது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பயிலும் மாணவர் நாளை மருத்துவமனையிலோ தொழிற்கூடத்திலோ இக்கருவிகளைக் கையாளக்கூடும். கரும்பலகையில் நேர்ந்த பிழையைச் சுட்டும் மாணவனை ஆசிரியர் எவ்வாறு ஏற்கின்றாரோ, அதுவே அவனுக்கு இத்தொடரின் முதல் விளக்கம்.