அடுக்களையில் மறம்: ‘லேடி கில்லர்’ படக்கதை பற்றிய ஓர் ஆய்வு

படக்கதை இலக்கியமாகுமா என்னும் வினாவை ஈண்டு விரித்துரைத்தல் நம் நோக்கமன்று. சொல்லும் ஓவியமும் கூடி ஒரு வாழ்க்கையைப் புனைந்து காட்டுமாயின், அப்புனைவு இயங்கும் முறையை ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும். அந்நோக்கில், ‘லேடி கில்லர்’ என்னும் அமெரிக்கப் படக்கதையை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. நூலும் கதையும்

ஜோயெல் ஜோன்ஸ் என்னும் பெண் ஓவியர், ஜேமி எஸ். ரிச் என்பாருடன் சேர்ந்து எழுதித் தாமே வரைந்த இக்கதையின் முதற்பகுதி, 2015ஆம் ஆண்டில் ஐந்து இதழ்களாக வெளிவந்தது. வெளியிட்டோர் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தார். வண்ணம் தீட்டியவர் லாரா ஆல்ரெட். 2016இல் தொடங்கிய இரண்டாம் பகுதியை ஜோன்ஸ் ஒருவரே எழுதி வரைந்தார்.

கதை நிகழும் காலம் 1962. இடம் சியாட்டில் நகரம். கதைத்தலைவி ஜோசி ஷுல்லர், கணவன் ஜீனுக்கு நல்ல மனைவி. இரட்டைப் பெண்மக்களுக்கு அன்புத் தாய். கூலிக்குக் கொலை புரிதல் அவள் மறைவில் செய்யும் தொழில். பெக் என்பவன் வாயிலாக அவளுக்கு ஆணைகள் வருகின்றன. கணவன் யாதும் அறியான். உடனுறையும் மாமியாரோ மருமகளின் போக்கில் ஐயுறுகின்றாள்.

2. வாயில் கடக்கும் உரிமை

கதையின் தொடக்கக் காட்சி நுண்ணிதின் நோக்கத் தக்கது. ஜோசி, ஏவான் நிறுவனத்தின் ஒப்பனைப் பொருள் விற்பவளாக வேடம் பூண்டு, வேறொருத்தியின் இல்லத்துள் நுழைகின்றாள். இவ்வேடம் வெறும் சூழ்ச்சியன்று. அக்கால அமெரிக்க இல்லத்தரசிக்கு மதிப்புக் குறையாமல் பொருளீட்ட வாய்த்த சில வழிகளுள், வீடுதோறும் சென்று ஒப்பனைப் பொருள் விற்றல் ஒன்று. இரண்டாம் பகுதியில் இடம் புளோரிடாவுக்கு மாறுகின்றது. ஆண்டும் டப்பர்வேர் கலன்களை விற்கும் மகளிர் கூட்டமே வருகின்றது. இவ்விரு தொழில்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தன் வீட்டினின்று வெளியேறும் பெண், இன்னொரு வீட்டினுள்தான் சென்று சேர முடியும். பெண்ணுக்குத் திறந்திருந்த அக்குறுகிய வாயிலையே கொலைக்கும் வாயிலாக்கியது ஆசிரியரின் கூர்த்த மதியைக் காட்டும். பெட்டி பிரீடனின் நூல் 1963இல் வெளிவந்து, இல்லத்தரசியரின் உள்ளத்து வெறுமையைப் பொதுப்பேச்சாக்கியது. கதை அதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்வதாக அமைந்துள்ளமையும் கருதத் தக்கது.

3. நகையும் இளிவரலும்

ஓவியங்கள் அக்கால விளம்பரப் படங்களின் சாயலைப் பெற்றுள்ளன. மடிப்புக் கலையாப் பாவாடை, ஒழுங்காய் அமைந்த கூந்தல், பளிங்கெனத் துலங்கும் அடுக்களை ஆகியவற்றின் நடுவே குருதி தெறிக்கின்றது. தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையும் இளிவரலும் அச்சமும் இங்கு ஒரே கட்டத்தில் கலந்து தோன்றுகின்றன. நகைக்குரிய நிலைக்களன்களாக அவர் கூறிய நான்கனுள் எள்ளல் இதற்குப் பொருந்தும். எள்ளப்படுவது ஜோசியன்று, விளம்பரம் காட்டிய மாசிலா இல்லமே என்க.

இங்கு ஒரு முரணும் உண்டு. 1954இல் அமெரிக்கப் படக்கதை வெளியீட்டாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறை, குற்றம் புரிவோர்மீது பரிவு தோன்ற எழுதுதலை விலக்கியது. மணவாழ்வின் தூய்மையைப் போற்ற வேண்டும் என்றும் விதித்தது. எனவே, 1962ஆம் ஆண்டின் கோலத்தைப் புனைந்துள்ள இந்நூல், அந்நெறிமுறைக்கு உட்பட்டு அவ்வாண்டில் வெளிவந்திருக்க இயலாது.

4. நூலின் குறை

இதுவரை கூறியன நூலின் சிறப்புகள். இனிக் குறை கூறுதலும் நடுநிலைக்கு வேண்டுவதாகும்.

முதலிற் கொல்லப்படுபவள் யார்? தன் அடுக்களையில் நின்று விருந்தினளை ஏற்ற ஒரு பெண். ஜோசியின் வீட்டினின்று அவள் வீடு பெரிதும் வேறுபட்டதன்று. இல்லத்தின் சிறையை எள்ளும் நூல், அச்சிறையிலிருந்த மற்றொருத்தியின் உடலின்மீதே தன் முதல் நகையை அமைக்கின்றது. பின்னர் வரும் பக்கங்களில் அவள் நினைக்கப்படுவதாகத் தோன்றவில்லை. பெண்டிரை மயக்கும் ஆடவனைக் குறிக்க வழங்கும் தொடரே நூலின் பெயர். அதனைக் கொலைபுரியும் பெண் எனத் திரித்துப் பொருள்கொள்ளுமாறு ஆசிரியர் அமைத்துள்ளார். ஆயின், பெண்ணைக் கொல்பவள் என்னும் மூன்றாம் பொருளும் அதனுள் உறைகின்றது. அதனை ஆசிரியர் ஆழ எண்ணினார் என்பதற்கு நூலகத்தே போதிய சான்று இல்லை.

அடுத்து, சிறுவன் ஒருவனைக் கொல்லுமாறு ஆணை வருகின்றது. ஜோசியின் கை எழவில்லை. அம்மறுப்பே அவளைத் தலைமைக்குப் பகையாக்கிக் கதையை முடிவை நோக்கிச் செலுத்துகின்றது. இஃது உள்ளத்தைத் தொடும் இடமே. எனினும், அவளைத் தடுத்தது யாது? தாய்மை. இல்லத்தரசி என்னும் கோலத்தை எள்ளி நகைத்த நூல், இக்கட்டு நேர்ந்தவிடத்து அவ்வில்லத்தின் தலையாய அறத்தையே சார்ந்து நிற்கின்றது. வளர்ந்த பெண்ணின் உயிருக்கு எழாத தயக்கம் சிறுவனுக்கு எழுகின்றது. இவ்வேற்றுமை ஏன் என ஜோசி தன்னையே வினவியிருப்பாளாயின், நூல் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

5. முடிவு

ஜோசி இரு வாழ்க்கை வாழ்கின்றாள் என்பர். கூர்ந்து நோக்கின், அவள் வாழ்வது ஒன்றே. மனைக்கண்ணும் களத்தின்கண்ணும் அவளிடம் எதிர்பார்க்கப்படுவன புன்முறுவலும் தூய்மையும் ஏவியது செய்தலுமே. மனையில் கணவனுக்கு அடங்கியவள் தொழிலில் பெக்குக்கு அடங்குகின்றாள். ஏவலை மறுத்த அன்றே அவள் தனக்கு உரியவளாகின்றாள். அம்மறுப்பைக் காட்டியமையே இந்நூலின் பெருமை. அம்மறுப்பு முதல் அடுக்களையிலேயே எழாமற் போனமை அதன் குறை. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து எண்ணுதலே இந்நூலுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.